அக்கரைக்கு ஒரு பரீட்சை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையை படுவான்கரை என்றும் அழைப்பது நெடுங்கால வழக்கு. ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. பெயரளவில் இது திசை பற்றிய குறிப்பே. ஆயினும் ஆஸ்பத்திரி, கச்சேரி, பெயர்பெற்ற பாடசாலைகள் யாவும் எழுவான்கரையிலேயே அமைந்துவிட்டமையால், படுவான்கரை மக்களுக்கு அக்கரை என்பது வெறும் இடப்பெயரன்று. அடைய வேண்டிய ஒரு நிலையின் பெயருமாகும். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை ‘பாதை’ எனப்படும் மிதவையிலேறித்தான் அவர்கள் அக்கரை சென்றனர். பாலம் வந்தபின் பாதைக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கியது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகள் அக்கரை செல்வதற்கு வேறொரு துறை இன்றும் இருக்கிறது. அதன் பெயர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை.

பாலம் திறந்த அதே ஆண்டில் படுவான்கரைக் கிராமமொன்றிற் பிறந்த சிறுமி ஒருத்தியும், அவளை அப்பரீட்சைக்கு வீட்டில் ஆயத்தஞ் செய்த அவளது தாயுமே இக்கட்டுரையின் பொருள். தந்தை பிறர் வயலிற் பங்குக்கு வேளாண்மை செய்பவர். தாய் சாதாரண தர வகுப்பிற் பயின்றுகொண்டிருந்த வேளையில், 2007 மார்ச்சில், படுவான்கரையே பெயர்ந்து அக்கரை முகாம்களுக்குச் சென்றது. அவள் அக்கரைக்குச் சென்ற முறை அது. கூடாரத்தில் இருந்து எழுதிய பரீட்சையிற் கணிதம் கைகூடவில்லை. அத்துடன் கல்வியும் நின்றது.

நிற்க, இப்பரீட்சையின் தோற்றத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். அரசாங்க சபையின் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துப் பெரும் கல்லூரிகளுக்கு நிகரான கல்வியைக் கிராமத்துப் பிள்ளைக்கும் அளிக்கும் நோக்குடன் மத்திய பாடசாலைகள் விடுதிகளோடு அமைக்கப்பட்டன. திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து அங்கு சேர்ப்பதற்கென ஏற்பட்டதே புலமைப்பரிசில். கிழக்கில் வந்தாறுமூலை மத்திய பாடசாலை அவ்வாறு எழுந்த ஒன்று. அதன் விடுதியிற் தங்கிக் கற்ற கிராமத்துப் பிள்ளைகள் பலர் பின்னர் ஆசிரியர்களாயினர், உத்தியோகத்தர்களாயினர், எழுத்தாளர்களாயினர்.

சிறுமியின் அம்மப்பா அவ்வாறு சென்றவருள் ஒருவர். 1960இல் தலைமை ஆசிரியர் நான்கு பையன்களைப் பெயர் சொல்லி அழைத்து, “நாளைக்குச் சோதனை, குளிச்சிட்டு வாங்கடா” என்றாராம். அவ்வளவுதான் ஆயத்தம். நால்வரில் ஒருவர் தெரிவானார். தகரப் பெட்டியும் பாயுமாகப் பாதையேறி, பின் பஸ் ஏறி வந்தாறுமூலை சேர்ந்த கதையை அவர் இன்றும் சொல்வார். மற்ற மூவரைப் பற்றி அவர் சொல்வதில்லை. கேட்டால், “வயலுக்குப் போனானுகள்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அன்று தலைமை ஆசிரியரின் ஒரு வாக்கியத்தில் முடிந்த ஆயத்தம் இன்று மூன்றாம் தரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் பரீட்சையாக அது வளர்ந்துவிட்டது. முதலாம் வினாத்தாளில் ஒரு மணி நேரத்தில் நாற்பது வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் ஒன்றேகால் மணி நேரத்தில் அறுபது வினாக்கள். அதாவது, முன்னதில் ஒரு வினாவுக்குத் தொண்ணூறு விநாடி. பின்னதில் எழுபத்தைந்து விநாடி. வளர்ந்தோர் பலர் தம் பெயரையும் முகவரியையும் ஒரு படிவத்தில் நிரப்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இது.

பிரத்தியேக வகுப்புக்கு வாரந்தோறும் அக்கரை அனுப்ப வீட்டில் வசதி இருக்கவில்லை. கிராமத்தில் நடந்த வகுப்பொன்றுக்குச் சனிக்கிழமைகளில் அனுப்பிவிட்டு, எஞ்சிய ஆறு நாட்களைத் தாய் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கடந்தகால வினாத்தாட் தொகுதி ஒன்றை வாங்கினாள். பிறர் பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள்களை இரவல் பெற்று, போட்டோப் பிரதி எடுத்தாள். சமையலறைச் சுவரிலிருந்த மணிக்கூடு படிக்கும் மேசைக்கு எதிரே இடம் மாறியது.

முதல் இடர்ப்பாடு தாய்க்கே நேர்ந்தது. 2, 5, 10, 17 என்னும் தொடரில் அடுத்த எண் யாது என்பது வினா. விடை 26 எனப் புத்தகத்தின் ஈற்றிலே இருந்தது, காரணம் இருக்கவில்லை. பிள்ளை உறங்கியபின் தாய் புளியங்கொட்டைகளை எடுத்து நிலத்திற் பரப்பினாள். இரண்டுக்கு இரண்டாக நான்கு. அதன் அருகே ஒன்று. மும்மூன்றாக ஒன்பது, அதன் அருகே ஒன்று. நந்நான்காகப் பதினாறு அடுக்கி அருகே ஒன்றை வைத்தபோது அவளுக்கு விளங்கிற்று. ஐயைந்தாக அடுக்கிப் பார்க்கவேண்டிய தேவை பின்னர் இருக்கவில்லை. ஆயினும் அடுக்கிப் பார்த்தாள். முகாமில் விட்டுப்போன கணிதம் பதினேழு ஆண்டுகளின் பின் புளியங்கொட்டை உருவில் அவளிடம் திரும்பி வந்தது. மறுநாள் காலை கொட்டைகளை அப்படியே வைத்து மகளை எழுப்பினாள்.

திசை பற்றிய வினாக்களிலோ மகள் தாய்க்கு ஆசிரியையானாள். வடக்கு நோக்கி நடப்பவன் வலப்புறம் திரும்பி, மீண்டும் வலப்புறம் திரும்பினால் எத்திசையை நோக்குவான்? தாய் கடதாசியில் அம்புக்குறி வரைந்துகொண்டிருக்க, சிறுமி எழுந்து நின்று திரும்பிக் காட்டினாள். “இது எழுவான், பிறகு இஞ்சால தெற்கு. படுவான் முதுகுப் பக்கம் இருந்து வலப்பக்கம் வந்திட்டும்மா.” வாவிக்கரைப் பிள்ளைக்குத் திசை நூலறிவன்று, ஊரின் பெயரே அதனைக் கற்பித்துவிடுகின்றது.

இவ்வாறு கற்றலும் கற்பித்தலும் ஒன்றான நாட்கள் சில மாதங்களே நீடித்தன. பரீட்சை நெருங்க நெருங்க மேசையின் இயல்பு மாறியது. மாதிரி வினாத்தாளிற் பெற்ற புள்ளி ஒவ்வொன்றும் நாட்காட்டியில் எழுதப்பட்டது. நூற்றுநாற்பது பெற்ற நாளில் வீட்டிற் பேச்சிருந்தது. நூற்றுப்பதினைந்து பெற்ற நாளில் இருக்கவில்லை. “அக்கரைப் பிள்ளைகள் இந்நேரம் எத்தின பேப்பர் செய்திருக்கும்” என்னும் வாக்கியம் உணவோடு பரிமாறப்பட்டது. ஒருநாள் நூற்றிரண்டு பெற்ற வினாத்தாளைச் சிறுமி நெல் மூட்டைகளின் இடையிற் செருகி ஒளித்தாள். அது வெளிப்பட்டபோது தாய் அடித்தாள். புள்ளிக்காகவன்று, பொய்க்காகவே அடித்ததாக அவள் தனக்குத்தானே கூறிக்கொண்டாள். பொய்யைக் கற்பித்தது எது என்னும் வினா அவ்வேளை அவளுக்குத் தோன்றவில்லை.

அது தோன்றிய சந்தர்ப்பம் வேறு. தமிழ்ப் பகுதிக்கென வகுப்பிற் கொடுக்கப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை மனனஞ் செய்யும் இரவொன்றில், ‘எனது குடும்பம்’ என்னும் தலைப்பின் கீழ் சிறுமி உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனது தந்தை ஓர் அரசாங்க உத்தியோகத்தர். அவர் தினமும் காலையில் அலுவலகம் செல்வார்.” திண்ணையில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்த தந்தையின் கை ஒரு கணம் நின்றது. சிறுமி நிமிர்ந்து, “அம்மா, அப்பா அப்படி இல்லையே. மாத்தி எழுதினாப் பிழையா?” என்று கேட்டாள்.

“சோதனைக்கு உள்ளபடிதான் எழுதோணும்” என்றாள் தாய். ‘உள்ளபடி’ என்னும் அச்சொல் அவள் வாயிலிருந்து வெளிப்பட்ட பின்னரே அதன் பொருள் அவளுக்கு உறைத்தது. எது உள்ளபடி? கடதாசியில் உள்ளபடியா? வீட்டில் உள்ளபடியா? தந்தை எதுவும் பேசவில்லை, செதுக்குதலைத் தொடர்ந்தார். கோபித்திருந்தால் தாய் விடை கூறியிருப்பாள். அவர் அதனை நியாயமென ஏற்றுக்கொண்டது போலிருந்தமையே அவளைத் தாக்கியது. சற்று நேரத்தின் பின் அவள் அக்கடதாசியை மடித்து வைத்துவிட்டு, “அப்பாட்டக் கேட்டு எழுது” என்றாள்.

அன்றிரவு மேசை திண்ணைக்குச் சென்றது. எத்தனை நாளில் நெல் கதிராகும், யானை வரும் இரவுகளில் வாடியில் எவ்வாறு விழித்திருப்பது, வெடி கொளுத்தியும் யானை போகாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பிள்ளை கேட்டாள், தந்தை சொன்னார். ஐந்து வாக்கியங்கள் போதுமாயிருக்க, அவள் இரண்டு பக்கங்கள் எழுதினாள். மணிக்கூட்டை எவரும் பார்க்கவில்லை. பரீட்சை நோக்கில் அது வீணான ஓர் இரவு. அந்த ஆண்டு முழுவதிலும் அவ்வீட்டில் நிகழ்ந்த கல்வி அதுவே எனலாம்.

2024 செப்டெம்பர் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை நடைபெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே வழக்கம்போல் பிரத்தியேக வகுப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களிற் சிறுமி நிம்மதியாக உறங்கினாள். பரீட்சை முடிந்து வெளியே வந்தவள், “தொடர் கணக்குச் சரி” என்று சிரித்தாள். ஆனால் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் பரீட்சைக்கு முன்னரே கசிந்துவிட்டன என்னும் செய்தி விரைவில் நாடெங்கும் பரவிற்று. மீண்டும் நடத்துக என்றனர் சிலர். பிள்ளைகளை மீண்டும் வதைக்காதீர் என்றனர் வேறு சிலர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதினர் எழுதிய பரீட்சைக்கு நாட்டின் அதியுயர் மன்றம் கூடவேண்டியிருந்தமை, அப்பரீட்சை யாருடையது என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றது. அது பிள்ளைகள் எழுதுவது. பெரியோர் நடத்தும் போட்டி.

இடையில் நவம்பர் இறுதியின் பெருமழையில் வயல்கள் மூழ்கின. தந்தையின் பங்கும் அதனுட் போயிற்று. ஈற்றில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்குவதென முடிவாகி, 2025 ஜனவரியில் பெறுபேறு வெளிவந்தது. சிறுமிக்கு வெட்டுப்புள்ளியிலும் ஐந்து குறைவு.

அவள் அழுதாள், ஆனால் உடனே அன்று. கைத்தொலைபேசியை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “அந்த மூண்டையும் நான் செய்தனான் அம்மா. எல்லாருக்கும் போட்டுக் குடுத்தா, நான் செய்தது எங்க?” பிழையாக எழுதியவருக்கும் அநீதி நேராதிருக்க எடுத்த முடிவு அது எனத் தாய் விளக்க முயன்றாள். நியாயமான விளக்கமே, எனினும் பிள்ளையின் கேள்விக்கு அது விடையாகவில்லை. அப்பொழுதுதான் சிறுமி அழத் தொடங்கினாள்.

இப்பரீட்சையை ஒழிக்கவேண்டும் என்போர் உளர். அதனை ஒழித்தால் படுவான்கரைப் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழியும் அடைபடும் என்போரும் உளர். இருசாராரும் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையைக் கொடுப்பதற்கு ஏற்பட்ட ஒரு வழி, நல்ல பாடசாலைகள் சிலவாகவே இருக்கும் வரை, அவற்றின் வாயிலைக் காக்கும் கதவாகவே மாறும். ஆண்டுதோறும் ஒரு கிராமத்தின் மிகத் திறமையான ஓரிருவரை அக்கரை கொண்டுசெல்வது அப்பிள்ளைகளுக்கு நன்மையே. எஞ்சியோர் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கு அது எதனை விட்டுச் செல்கின்றது? 1960இல் வயலுக்குப் போன அந்த மூவரைப் பற்றி அம்மப்பா பேசாமலிருப்பதன் காரணம் அதுவாகலாம்.

சிறுமி இப்போது ஊர்ப் பாடசாலையில் ஆறாந் தரத்தைத் தொடங்கிவிட்டாள். மணிக்கூடு சமையலறைக்குத் திரும்பிவிட்டது. மேசை மட்டும் திண்ணையிலேயே இருக்கின்றது. மாலையில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அதனைச் சூழ்ந்து அமர்கின்றனர். அவர்களுள் இருவர் அடுத்த பரீட்சைக்குரியவர்கள். தாய் புளியங்கொட்டைகளைப் பரப்புகின்றாள். நாட்காட்டியில் எவருடைய புள்ளியையும் எழுதுவதில்லை.

ஒரு மாலை அம்மப்பா வழக்கம்போல் வந்தாறுமூலை விடுதியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தப் பள்ளிக்கூடம் இப்பவும் இருக்கா?” என்று சிறுமி கேட்டாள். அந்த வளவிலேதான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது என்றும், 1986 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று என்றும் அவர் கூறினார். சிறுமி சற்று யோசித்தாள்.

“அதுக்குப் போறதுக்கு எந்தச் சோதனை?”

“அதுக்கு இன்னும் எட்டு வருசம் கிடக்கு மனே” என்றார் கிழவர். “இப்ப விளக்குப் பத்தவை.”