ரேடியோ மேடை

சென்ற மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரனோடு கப்பன் பூங்காவுக்குப் போனேன். அங்கே வெள்ளைக்காரர் காலத்துப் பேண்டு மேடை ஒன்று, எட்டுப் பட்டையாக, மேலே கூரையோடு இருக்கிறது. "இது எதுக்கு தாத்தா?" என்றான். "பேண்டு வாசிக்க" என்றேன். எனக்கோ எங்கள் ஊர் ரேடியோ மேடை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் தஞ்சை ஜில்லாவில் ஒரு சின்ன முனிசிபாலிட்டி. அங்கே பேண்டு வந்ததில்லை, ரேடியோதான் வந்தது. 1939 மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அப்போதெல்லாம் ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமான். மற்றவர்களுக்குப் பூங்கா மேடைதான். சாயங்காலம் முனிசிபாலிட்டி ஆள் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். நான்கு பக்கமும் குழாய் ஸ்பீக்கர்.

அப்பா மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. கடையிலிருந்து நேரே அங்கேதான் போவார். துண்டை விரித்து உட்கார்ந்தால், செய்தி முடியும்வரை வாய் திறக்க மாட்டார். அதன்பின் பத்துப் பேரோடு பேச்சு. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி ரேடியோ சொல்லிச் சொல்லியே ஊரெங்கும் பரப்பியது. அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர். 1964 மே 27, நேரு மறைந்த அன்று, பூங்கா நிறைய ஜனம். ஒருவரும் பேசவில்லை.

1971-ல் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிரான்சிஸ்டர் வாங்கினேன். போஸ்ட் ஆபீசில் லைசென்சும் எடுத்தேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. நாலு நாள் திண்ணையில் வைத்துக் கேட்டார். ஐந்தாம் நாள் செருப்பை மாட்டினார்.

"வீட்லயே ரேடியோ இருக்கேப்பா! முட்டிவலியோட எதுக்கு அங்க அலையணும்?" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பிறகு போகவே இல்லை. செய்தி முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டரி தீர்ந்துவிடும் என்று அணைக்கிறார் என நினைத்தேன்.

அவர் காலமான அன்று எனக்குப் பழக்கமில்லாத ஆறேழு பேர் வந்தார்கள். "பார்க்குல பழக்கம் தம்பி" என்றார் ஒருவர். "திடீர்னு வர்றதை நிறுத்திட்டாரே, எங்க மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது மகள், "வீட்டிலேயே டி.வி. இருக்கேப்பா, தினமும் எதுக்கு பார்க்குக்குப் போகணும்?" என்கிறாள். பதில் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.