மனப்பாடமான ரோடு

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை உண்டு. வேன் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வருடமே, பலகையைப் பார்க்காமல் எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெம்புதான் ஒருநாள் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஜூலை மாதம், கவர்க்கல் பக்கம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அங்கே பட்டப்பகலிலும் மேகம் ரோட்டில் இறங்கிவிடும். முன்னால் முப்பதடிதான் தெரிந்தது. அடுத்த திருப்பம் தெரிந்ததுதானே என்று வேகத்தைக் குறைக்காமல் போனேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் பிழைத்தேன். வெள்ளைக்குள்ளிருந்து பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் பழுதாகி நின்றிருந்தது. என் பம்பருக்கும் அதன் டிரெய்லருக்கும் இடையே ஒரு முழம். ரோடு எனக்கு மனப்பாடம். அன்று அதில் என்ன நிற்கும் என்பதை எந்த மனப்பாடம் சொல்லும்?

அன்றிலிருந்து ஒரே கணக்கு: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே முப்பதடி தீர்ந்துவிடும். மூட்டத்தில் ஓரத்து மரங்கள் மறைந்துவிடுவதால் வேகம் உறைக்காது. ஸ்பீடாமீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

பிரைட் போட்டால் அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வெள்ளைச் சுவர்தான். டிம்மில் வைத்து, இடப்பக்க ஓரக்கோட்டைப் பிடித்துப் போவேன். முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன். அவர் தடுமாறினால் நானும் தடுமாறுவேன். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவது வண்டி நின்றால் மட்டும். ஓடும்போது எரியவிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர் மூச்சில் கண்ணாடி உள்ளேயும் மங்கும்; ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளியும். இறக்கத்தில் செகண்ட் கியரை விட்டு மாற மாட்டேன். ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவேன்.

இப்போதும் கவர்க்கல் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, என் பக்கக் கண்ணாடியை இறக்குவேன். ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று காது கொடுப்பேன். பின்னால் யாராவது, "குளிருதுங்ண்ணா" என்பார்கள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க. திருப்பத்துல யாராச்சும் நிக்கறாங்களான்னு கேட்டுட்டுப் போயிரலாமுங்க."