கொட்டாஞ்சேனையில் கூழ்

கொட்டாஞ்சேனையில் விடிவது மணியோசையோடுதான். முதலில் புனித லூசியாள் பேராலய மணி, பிறகு கோயில் மணி. 2005இல் எமக்குக் கிடைத்தது ஜம்பட்டா வீதிக்கு அருகே ஒரு ஒழுங்கையில் ஒற்றை அறை. ஐந்து பேர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் அடுப்பு. தண்ணீர்க் குழாய் நான்கு குடும்பங்களுக்குப் பொது.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது மாமி சுளகு, புட்டுக்குழல், மூன்று கிலோ ஒடியல் மா எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். முடிந்தால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தோம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டது. அடுத்த தைப்பொங்கலுக்குள் மாவும் முடிந்தது.

வெள்ளவத்தையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் ஒரு பை மாவுக்காகச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. மாமி அந்தக் கிழமையிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார். "ஒரு வாய் கூழ் எண்டால் குடிப்பன்" என்பார்.

அரிசி மாவில் காய்ச்சினேன். ஆறியதும் களியாக இறுகிவிட்டது. குரக்கன் மாவில் நிறம் கிட்ட வந்தது. மீனின் சுவை போய்விட்டது. "இது மீன் போட்ட கஞ்சி பிள்ளை" என்றார் மாமி. அவித்த கோதுமை மாவில் செய்ததைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.

பக்கத்து அறை அக்கா அட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். குழாயடியில் என் கதையைக் கேட்டுவிட்டு, "மரவள்ளிக்கிழங்க அவிச்சு மசிச்சுப் போட்டுப் பாருங்களேன் தங்கச்சி" என்றார். எங்கள் கூழில் மரவள்ளித் துண்டு எப்போதும் போடுவதுதான். அதையே மாவுக்குப் பதிலாகப் போடலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கிழங்கை மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். அதில் நஞ்சுத்தன்மை உண்டு. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று மாமி வேறு எச்சரித்தார். சந்தையில் மலிவாகக் கிடைத்த சின்ன நண்டு, மீன்தலை, கொஞ்சம் இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வேகவிட்டு, செத்தல் மிளகாயும் மிளகும் அரைத்துப் போட்டு, பழப்புளி கரைத்து ஊற்றினேன். கடைசியாக மசித்த கிழங்கும் ஒரு கைப்பிடி வறுத்த அரிசி மாவும். ஒடியலின் அந்த மெல்லிய கசப்புக்காக முருங்கையிலையை இரண்டு மடங்காக்கினேன்.

ஊரில் பிளாவில் குடிப்பது. இங்கே தேநீர்க் கோப்பைதான். மாமி ஒரு மிடறு குடித்தார். "உறைப்புச் சரி. கசப்புக் காணாது." பிறகு கோப்பையை மறுபடி நீட்டினார். அட்டன் அக்காவுக்கும் ஒரு சட்டி போனது. அவர் பிள்ளைகள் நண்டுக்கால் உடைக்கும் சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது.

போர் முடிந்து ஏ9 பாதை திறந்ததும் முதலில் வந்த உறவினர் ஒடியல் மா கொண்டுவந்தார். பழக்கம் விட்டுப் போனதில் மாவை ஊறவைக்காமல் நேரே கரைத்துவிட்டேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. அடுத்த முறை ஒழுங்காகச் செய்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த என் இரண்டு பிள்ளைகளும் கோப்பையை மணந்து பார்த்துவிட்டு, "அம்மா, எங்கட கூழ் இல்லையா?" என்றார்கள்.

2022இல் எரிவாயு வரிசையில் நின்ற நாட்களிலும் ஒரே பானையில் முடிகிற அந்த மரவள்ளிக் கூழ்தான் எமக்குக் கைகொடுத்தது. ஒடியல் மா கிடைக்கிறவர்கள் மறக்காமல் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இரண்டு முறையாவது வடித்துவிட்டுக் கரையுங்கள்.