சோலைமந்தியும் வரையாடும்

தாயகம் செல்லும் நம்மவர் பழனியையும் மதுரையையும் கண்டு மகிழ்கின்றனர். அவற்றுக்கு மேற்கே, கேரள எல்லையில் ஓங்கி நிற்கும் பாலக்காட்டு மலைகளையும் இடுக்கி மலைகளையும் காண்போர் சிலரே. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத இரண்டு விலங்குகள் அங்கே உண்டு. ஒன்று சோலைமந்தி, மற்றொன்று வரையாடு. இவை ஏன் அருகின, எவ்வாறு இன்றளவும் பிழைத்துள்ளன என்பதை அம்மலைகளே நமக்கு எடுத்துரைக்கின்றன.

பாலக்காடு மாவட்டத்து மண்ணார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாக மலையேறினால் அமைதிப் பள்ளத்தாக்கை அடையலாம். குந்திப்புழை பாயும் இப்பசுங்காட்டில், கரிய உடலும் நரைத்த பிடரியும் குஞ்சம் வைத்த வாலும் உடைய சோலைமந்தி வாழ்கிறது. வெடிப்பலா முதலிய மரங்களின் கனிகளையும் பூச்சிகளையும் உண்டு, மரத்துக்கு மரம் தாவியே இது காலங்கழிக்கும்; அடர்காட்டில் தரையிறங்குவது அரிது. சாலைக்காகவோ தோட்டத்துக்காகவோ இடையிலுள்ள மரங்களை வெட்டினால் காடு இரண்டாகிறது. மந்திக் கூட்டமும் தனித்துப்போகிறது. பெண்மந்தி ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்கு ஆண்டுகள் சில செல்லும். ஆதலின் ஒருமுறை குறைந்த தொகை எளிதில் பெருகுவதில்லை. துப்பாக்கியைப் போலவே கோடரியும் இதற்குப் பகையாகும்.

குந்திப்புழையில் அணைகட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-இல் இசைவு கிடைத்தது. மின்விளக்கு வேண்டும் என்ற மக்களின் விருப்பம் பொய்யன்று. ஆயினும் அழிந்த காட்டை மீண்டும் ஆக்குதல் இயலாதே! கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் அறிவியலாரும் மக்களிடம் இதனை விளக்கினர். சுகதகுமாரி முதலிய கவிஞர்களும் குரல் கொடுத்தனர். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே இடுக்கி மாவட்டத்து மூணாறு செல்வோம். அருகிலுள்ள இரவிகுளத்தில், 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைச் சூழ்ந்த புல்வெளிகளில் வரையாடு மேய்கிறது. சங்கப் புலவர் 'வருடை' எனப் பாடியது இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. செங்குத்தான பாறையில் தயங்காமல் நடக்கும் இவ்விலங்குக்குப் புல்வெளியும் பாறையும் அருகருகே வேண்டும். புல்வெளியைப் பயனற்ற நிலமென்று கருதி, பல மலைகளில் தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டசும் நட்டனர். வேட்டையும் சேர்ந்துகொண்டது. வரையாடு சிதறுண்ட குன்றுகளில் ஒடுங்கியது.

மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர் பெரும்பாலும் நெல்லை, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் உழைப்பாளிகளே. குறைந்த கூலிக்கு ஏவியதைச் செய்த அவர்களைக் குறைகூறுதல் அறமாகாது. ஆனால் அவர்தம் வழித்தோன்றல்களாகிய நமக்கு அம்மலைகளின்பால் கடமை உண்டு. அயல்நாடு சென்றும் அது நீங்குவதில்லை.

இரவிகுளத்தைத் தோட்டத் துரைமார் தம் வேட்டைக்கெனக் காத்துவந்தனர். காவல் புரிந்தவர் முதுவர் குடியினர். 1975-இல் அது சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் ஒருங்கே கணக்கெடுத்தபோது இரு மாநிலங்களிலும் சேர்ந்து 2,668 வரையாடுகள் இருந்தன. சிறு தொகையே, எனினும் நம்பிக்கை தரும் தொகை.

நாம் செய்யக்கூடியது யாது? ஆண்டின் தொடக்கத்தில் வரையாடு குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளத்தை மூடிவைப்பர். அதனை அறிந்து பயணத்தை அமைத்துக்கொள்க. விலங்குகளுக்கு உப்போ தின்பண்டமோ கொடாதீர். கைந்நீட்டிப் பழகிய மந்தி சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. பிளாஸ்டிக் உறைகளை மலையில் விட்டுவராதீர். ஆனைமலைத் தொடரின் வால்பாறையில், சாலைக்கு இருபுறமும் உள்ள மரங்களை இணைத்துச் சோலைமந்திகள் கடக்கப் பாலம் கட்டியுள்ளனர். துண்டான காட்டை இணைக்கும் இத்தகைய பணிகளுக்கு நம் சங்கங்களும் பொருளுதவி செய்யலாம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பாட்டன் நட்ட தேயிலையைக் காட்டும்போது, அதற்கு மேலே மேயும் வருடையையும் காட்டுங்கள்.