நீர்நாய் ஆறும் வேண்டாத விருந்தாளியும்

இங்கிலாந்து என்றதும் நமக்கு ஞாபகம் வரும் ஆறு தேம்ஸ் ஒன்றுதான். லண்டன் மாதிரி ஓர் ஊர் கரையில் இருந்தால் வாய்க்கால்கூடப் பிரபலமாகிவிடும்! நான் சொல்லப் போவது வேறு ஆறு. தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் ஓடுகிற ஆட்டர். மொத்த நீளமே சுமார் 32 கிலோமீட்டர்தான். காலையில் டிபனை முடித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டர் என்றால் நீர்நாய். கரையோரத்தில் பாதி ஊர்களுக்கு இந்தப் பிராணியின் பெயர்தான். ஆட்டர்ஃபோர்ட், அப்பாட்டரி, ஆட்டரி செயின்ட் மேரி, ஆட்டர்டன் என்று வரிசையாக வருகின்றன. பெயர் இத்தனை இருந்தும் ஒரு காலத்தில் ஆளைக் காண்பதே அரிதாகிவிட்டது. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து ஆற்றில் இறங்கி, மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்ற நீர்நாய்க்கும் போய்ச் சேர்ந்தது. 1960, 70-களில் இங்கிலாந்தின் பெரும்பாலான ஆறுகளில் நீர்நாய் இல்லை. மருந்தைத் தடை செய்து, 1978-ல் சட்டப் பாதுகாப்பும் கொடுத்த பிறகு மெள்ள மெள்ளத் திரும்பி வந்தது.

ஆறு பிறப்பது பிளாக்டவுன் குன்றுகளில், சாமர்செட் மாவட்ட எல்லைக்குள். அங்கே ஒரே தாண்டில் தாண்டிவிடலாம். அப்புறம் ஹானிடன். லேஸுக்குப் பேர்போன ஊர். 1840-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாண உடைக்கு ஹானிடன் லேஸ்தான். அதற்கும் கீழே ஆட்டரி செயின்ட் மேரி. கவிஞர் கோல்ரிட்ஜ் 1772-ல் பிறந்த ஊர் இது. அப்பா அந்த ஊர் பாதிரியார், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் அவரே. பத்துப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. சின்ன வயதில், ஒரு துண்டு பாலாடைக்கட்டிக்காக அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, வீட்டை விட்டு ஓடி, ராத்திரி முழுக்க இந்த ஆற்றங்கரையில் படுத்துக் கிடந்தார். ஊரே தேடியது. விடியற்காலையில், குளிரில் விறைத்துப்போயிருந்த பையனைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். பெரியவரானதும் ஆற்றின் பேரில் ஒரு கவிதையே எழுதினார். அத்தனை குளிரிலும் கோபம் வரவில்லை பாருங்கள்!

அதே ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்த் தண்ணீர் ஒரு வட்டக் கிணற்றுக்குள் நாலு பக்கமும் விழுந்து, சுரங்கம் வழியாக மறுபடி ஆற்றுக்கே போகிறது. பழைய மில்லின் சக்கரத்தைச் சுற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு. மேலே நின்று பார்த்தால், பூமி வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது.

சுபாவம் எப்படி? வெயில் நாளில் பரம சாது. மழை பெய்தால் முன்கோபி. டெவன் மண் சிவப்பு. இரண்டு மணி நேரம் கொட்டினால் ஆறு செம்மண் குழம்பாகிவிடும். 2008 அக்டோபர் 30-ம் தேதி அதிகாலையில் ஆலங்கட்டியும் மழையும் சேர்ந்து கொட்டி, ஆட்டரி ஊருக்குள் வெள்ளம் புகுந்து, ஜனங்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. 32 கிலோமீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

ஆட்டர்டனிலிருந்து கடல் வரை கரையோரமாகவே நடந்தேன். ஒரு பக்கம் செக்கச்செவேலென்று பாறைச் சரிவு. மறுபக்கம் புல்வெளி, மாடுகள். ஒரு வில்லோ மரம், யாரோ பென்சில் சீவினது மாதிரி கூராக வெட்டப்பட்டு நின்றது. நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்த பெரியவரிடம், "இதை யார் இப்படி வெட்டினது?" என்று கேட்டேன்.

"பீவர் சார், பீவர்! வெட்டுகிறது கோடரியால் இல்லை, பல்லால். பார்க்கணும்னா இருட்டுகிற நேரத்துக்கு வாங்க. சத்தம் போடாம உட்காரணும். முக்கியமா, நாயைக் கூட்டிட்டு வரக் கூடாது" என்று தன் நாயையே முறைத்தார்.

நீர்நாய் ஆற்றுக்கு உலகப் புகழ் வாங்கிக்கொடுத்தது நீர்நாய் இல்லை, இந்த பீவர்தான். பெரிய பல்லும் தட்டையான வாலுமாக, மரத்தை அறுத்து அணை கட்டுகிற பிராணி. தோலுக்கும் இறைச்சிக்கும், வால் பக்கத்துச் சுரப்பியிலிருந்து வரும் வாசனைப் பொருளுக்கும் வேட்டையாடி, சுமார் 400 வருஷத்துக்கு முன்பே பிரிட்டனில் தீர்த்துக் கட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, இந்த ஆற்றில் மட்டும் சில பீவர்கள் சுதந்திரமாகத் திரிந்தன. தப்பித்து வந்தவையா, யாராவது ரகசியமாக விட்டவையா? அதற்கு ரிக்கார்டு கிடையாது. 2014-ல் குட்டிகளோடு ஒரு குடும்பமே காமிராவில் மாட்டிக்கொண்டதும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. நாடாப்புழு நோய் கொண்டு வந்திருக்கலாம், பிடித்துக் கூண்டில் அடையுங்கள் என்றது.

ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க ஆத்துல இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே" என்று கிளம்பிவிட்டார்கள். கடைசியில் சமரசம். 2015-ல் பீவர்களைப் பிடித்து, வைத்தியப் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று தெரிந்ததும் அதே ஆற்றில் விட்டார்கள். டெவன் வனவிலங்கு அறக்கட்டளைக்கு ஐந்து வருஷம் பரிசோதனை நடத்த அனுமதி. எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் அளவுகோலும் கையுமாக இறங்கினார்கள்.

என்ன தெரிந்தது? ஆட்டரின் பிரதான ஓட்டத்தில் ஆழம் இருப்பதால் பீவர் அங்கே அணை கட்டுவதில்லை. வளையின் வாசல் தண்ணீருக்கடியில் மறைந்திருக்க வேண்டும், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதனால் ஆழமில்லாத சின்ன ஓடைகளில்தான் கட்டுகிறது. ஈஸ்ட் பட்லி என்கிற கிராமத்துக்கு மேலே ஓர் ஓடையில் வரிசையாக அணைகள் கட்டியது. ஊருக்குள் அடிக்கடி வெள்ளம் வரும் இடம் அது. மழைத் தண்ணீர் ஒரே மூச்சில் பாயாமல், குளம் குளமாகத் தங்கி, கசிந்து கசிந்து வந்தது. வெள்ளத்தின் உச்சம் குறைந்தது. குளங்களில் மீனும் தவளையும் பெருகின. எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை. இப்படி ஒரு பொதுப்பணித் துறையை எங்கேயாவது பார்த்ததுண்டா?

ஆனால் கதையின் முக்கியமான பக்கம் இனிமேல்தான். தண்ணீர் கீழே வராமல் தங்குகிறதென்றால், மேலே யாருடைய நிலத்திலோ தேங்குகிறது என்று அர்த்தம். கீழே உள்ள வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். மேலே உள்ள விவசாயியின் வயல் சகதியாகிறது. ஒருத்தருக்கு லாபம், இன்னொருத்தருக்கு நஷ்டம். பரிசோதனை அறிக்கை இதை மறைக்கவில்லை. அணைக்குள் குழாய் செருகித் தண்ணீர் மட்டத்தைக் குறைப்பது, மரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுவது, முடியாத இடத்தில் அணையைப் பிரித்து விடுவது என்று ஆள் வைத்து, கூப்பிட்ட குரலுக்குப் போய் நின்றார்கள். பீவர் தங்கியதற்கு அதன் பல் மட்டும் காரணமில்லை. விவசாயியின் வரப்பில் போய் நின்றவர்களும் காரணம். 2020 ஆகஸ்டில், பீவர்கள் நிரந்தரமாகவே இருக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து முழுக்க அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு.

ஆறு கடலில் சேரும் பட்லி சால்டர்டனிலும் இதே கணக்குதான். அங்கே 1800-களின் தொடக்கத்தில் முகத்துவாரத்தை ஒட்டி நீளமாக மண்கரை போட்டு, உப்பங்கழியை வயலாக்கினார்கள். கட்டியது பிரெஞ்சுப் போர்க் கைதிகள் என்பது ஊர்ப் பேச்சு. இருநூறு வருஷம் ஆறு அந்த ஒற்றைச் சந்துக்குள்ளேயே ஓடியது. கடல் மட்டம் உயர உயர, கரை பலவீனமாக, வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றது. அங்கே ஒரு பழைய குப்பைக் கிடங்கு வேறு. கரை உடைந்தால் அத்தனையும் கடலுக்கு. கிரிக்கெட் மைதானம் மழைக்கு மழை குளமாகும்.

கரையை இன்னும் உயர்த்துவதா, ஆற்றுக்கு வழிவிடுவதா? வழிவிடுவது என்று முடிவானது. 2023 இலையுதிர் காலத்தில் மண்வெட்டி இயந்திரத்தை வைத்துக் கரையைத் தாங்களே வெட்டித் திறந்தார்கள். சுமார் 55 ஹெக்டேரில் இப்போது கடல் ஏறி இறங்குகிறது. சேறும் உப்புப் புல்லும், அதைத் தேடிப் பறவைகளும். திறந்த இடத்தின் மேல் 70 மீட்டருக்கு நடைபாலம் போட்டார்கள், கரையில் வாக்கிங் போகிறவர்கள் ஏமாறக் கூடாதென்று. குப்பைக் கிடங்குக்குப் பாதுகாப்பு செய்தார்கள். கிரிக்கெட் கிளப்புக்கு மேட்டில் புது மைதானம். இங்கிலாந்தில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், கிரிக்கெட்டை மட்டும் நடுவில் வெட்ட முடியாது!

அந்தப் பாலத்தில் நின்றபோது அலை ஏறிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, பழைய வயல் வரப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போயிற்று. ரொம்ப நாள் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்தவர் அறை அறையாகப் பார்ப்பாரே, அது மாதிரி.

ஆற்றுக்கு இடம் விடுங்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். யாருடைய இடம், அவருக்கு மாற்று என்ன என்று உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் கஷ்டம். 32 கிலோமீட்டர் ஆறு ஒன்றுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். விடையும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கிறது. பெரிய ஆறுகளை வைத்திருப்பவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.