இரண்டு வீட்டுச் சேறு

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது என்பதைப் பின்னால் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த இரவில் எங்களுக்குத் தெரிந்தது, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிவந்த கறுப்புத் தண்ணீர் மட்டும்தான். சைதாப்பேட்டையில் எங்கள் வீடு ஆற்றிலிருந்து நான்கு தெரு தள்ளி. கரண்ட் இல்லை, போன் இல்லை. மொட்டைமாடியில் நனைந்தபடி விடியலுக்குக் காத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கினேன். ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. கணுக்கால்வரை சேறு, சாக்கடை நாற்றம். அப்போது என் மனதில் முதலில் வந்தது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இன்று வருவாரா என்பது. அவர் குடிசை ஆற்றின் கரையிலேயே இருந்தது. இருக்கிறாரா என்று நினைக்கவில்லை, வருவாரா என்று நினைத்தேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

நான்காம் நாள் வந்தார். யாரோ கொடுத்த, அளவு பொருந்தாத நைட்டி. இரண்டு நாள் என் வீட்டுச் சேற்றை முறத்தால் அள்ளிக் கொட்டினார். நானும் கூடவே அள்ளினேன். என் கணவர் இன்சூரன்ஸுக்காக ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தை எடுங்கள் என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"உங்க வீட்டைக் கழுவியாச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"செவுரே இல்லம்மா. எதக் கழுவுறது?"

மாமியாரையும் ரேஷன் கார்டையும்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பெண்ணின் பள்ளிச் சான்றிதழ்கள் போய்விட்டன. கிளம்பும்போது பழைய துணி இருக்கிறதா என்றார். புடவை ஒன்றை எடுத்து நீட்டினேன். "கட்டிக்க இல்லம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவே கக்கூஸ் போகப் பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். நிவாரணப் பட்டியல்களில் அரிசி இருந்தது, வேட்டி சேலை இருந்தது. அவர் கேட்ட துணி எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

பிறகு கரையோரக் குடும்பங்களை லாரிகளில் ஏற்றிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். வெள்ளம் ஆபத்துதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அவருக்கு நான்கு வீட்டு வேலை இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், இரண்டு பஸ். ஆறரைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒன்பதுக்கு வந்தார். எனக்கோ எட்டரைக்கு அலுவலகம்.

"கஷ்டமா இருந்தா நின்னுக்கோங்க அக்கா" என்றேன். அதைக் கரிசனம் என்றே அன்று நம்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வரவில்லை.

அந்த மாதத்தின் பதினொரு நாள் சம்பளத்தை எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். அவர் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுக்கவுமில்லை. பெரும்பாக்கம் எனக்கும் தூரமாகத்தான் இருந்தது.