காகத்துக்கு வைத்த சோறு

1995 இல் புஜைராவில் ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டைமாடி அறையில் நாங்கள் ஆறுபேர் இருந்தோம். பகலில் கட்டிட வேலை. பின்னேரம் வந்து முறைவைத்துச் சமைப்போம். ஒரு பக்கம் ஹஜர் மலை, மறுபக்கம் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். பாலைவனம் என்று நினைத்து வந்திறங்கிய எங்களை முதல்நாள் விடிய எழுப்பியது காகம். ஊரில் முற்றத்துக்கு வரும் அதே சாம்பல் கழுத்துக் காகம். “இதுவும் ஏஜென்சிக்குக் காசு கட்டித்தான் வந்திருக்கும்” என்று மட்டக்களப்புத் தம்பி பகிடி விட்டான்.

காசு கட்டாமல்தான் வந்திருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளை அண்டி வாழும் இந்தக் காகம் கப்பலேறிப் பயணம் செய்யும். ஒரு துறைமுகத்தில் ஏறி, கப்பலில் கிடைக்கும் மிச்சத்தைத் தின்று, இன்னொரு துறைமுகத்தில் இறங்கிவிடும். அரபுக் கரைகளிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் இப்படித்தான் பரவியது. சன்சிபாருக்கு மட்டும் 1890களில், குப்பையைத் தின்னட்டும் என்று மனிதரே கொண்டுபோய் விட்டார்கள். மனிதர் இல்லாத இடத்தில் அது குடியிருப்பதில்லை. எங்கள் குப்பைதான் அதற்கு வயல்.

எங்களில் மூத்தவர் கொக்குவில் அண்ணை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அவருடைய தாயும் சாவகச்சேரிப் பக்கம் நடந்து போயிருந்தா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காலமானா. அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் கொழும்பு வழியாகக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் கபீலிடம். கையில் இருந்தாலும் போக வழியில்லை. அண்ணை குளித்துவிட்டு வந்து, சோற்றில் பருப்பு விட்டுக் குழைத்து, மாடிக் கட்டில் வைத்துக் கூப்பிட்டார். உடனே மூன்று காகங்கள் வந்தன.

அதன்பிறகு தினமும் சோறு வைத்தார். எங்கள் எல்லோருக்கும் அப்படிச் செத்தவர்கள் இருந்தார்கள். நாங்களும் வைக்கத் தொடங்கினோம். போதாக்குறைக்கு மீன் தலையும் குடலும் மூடியில்லாத வாளியில் மாடியிலேயே கிடந்தன. மூன்று, முப்பது ஆனது.

1996 மார்ச்சில் ஒரு சோடி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் கூடு கட்டியது. அந்த நாள் தொடங்கி மாடிக்கு வந்தவர்களின் தலையில் பாய்ந்து கொத்தத் தொடங்கின. கீழ்வீட்டுப் பாகிஸ்தான் குடும்பத்துச் சின்னப் பெடியன் பந்தெடுக்க ஓடிவந்தான். கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே காயம். அன்றிரவே நாத்தூர் வந்தான். சோறு போட்டுப் பழக்கியது நீங்கள், கூட்டையும் நீங்களே எடுங்கள், இல்லாவிட்டால் அறையை விடுங்கள் என்றான். அதில் நியாயம் இருந்தது.

யார் எடுப்பது? எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அண்ணைதான் சொன்னார்: “குஞ்சு பொரிக்க முந்தி எடுத்துப்போட வேணும். பொரிச்சாப் பிறகு அது கொலை.”

“அம்மாவுக்கெண்டு வச்ச சோறெல்லே அண்ணை?” என்றான் தம்பி.

“அம்மாவெண்டாலும் ஒருத்தன்ர பிள்ளையைக் கொத்த விட்டிருக்க மாட்டா.”

வெள்ளிக்கிழமை காலை வேலைத்தளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அண்ணை ஏறினார். நாங்கள் கீழே நின்று துவாயை வீசிக் காகங்களை மறித்தோம். கூடு முழுவதும் கட்டுக்கம்பி. பகல் முழுக்க நாங்கள் முறுக்கும் அதே கம்பி. உள்ளே பழுப்புப் புள்ளி விழுந்த நீலப்பச்சை முட்டைகள் நான்கு. கட்டிடத்துக்குப் பின்னால் புதைத்தார். சட்டத்தைச் சுற்றி வலை அடித்தோம். சோறு வைப்பதை நிறுத்தினோம். மீன் கழிவைப் பையில் கட்டி, கீழே மூடியுள்ள தொட்டியில் போட்டோம். ஒரு மாதத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. அந்தச் சோடி மட்டும் கோடை முழுக்க அண்ணையை மறக்கவில்லை. ஆறுபேர் படியிறங்கினாலும் அவருடைய தலையைத்தான் தேடி வரும். காகம் முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதை, பின்னாளில் வோஷிங்ரன் பல்கலைக்கழகத்தார் முகமூடி போட்டு அமெரிக்கக் காகங்களைப் பிடித்துவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். எங்களுக்கு அதை அண்ணையின் தொப்பி முன்பே சொல்லியிருந்தது.

அதே 1996 இல் அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தது. கடதாசி இல்லாதவர்கள் தண்டனையின்றி வெளியேறலாம். எங்கள் தம்பியும் அதில் போனான்.

காகத்தைக் குறைக்க இப்போது பல நாடுகள் முயல்கின்றன. ஓமானின் டோபாரில் 2022 இல் மைனாவையும் காகத்தையும் பிடிக்கத் தொடங்கினார்கள். பத்து இலட்சம் காகங்களைக் கொல்லப்போவதாகக் கென்யா 2024 இல் அறிவித்தது. ஒல்லாந்தின் ஹூக் வான் ஹொலன்ட் துறைமுகத்தில் 1990களில் கப்பலில் வந்திறங்கிப் பெருகிய சிறு கூட்டத்தையும் பின்னர் சுட்டார்கள். ‘அந்நிய இனம்’ என்று படிக்கும்போது எங்களுக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. ஆனாலும் மறுக்க முடியாது. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது தின்கிறது. நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: குப்பையை மூடாமல் காகத்தைக் கொன்றால், அந்த இடத்துக்கு வேறு காகம் வரும். மூடினால் பாதி வேலை கொலையில்லாமலே முடியும்.

நாங்கள் ஆறுபேரும் இப்போது ஐந்து நாடுகளில். அண்ணை ரொறொன்ரோவில். இம்முறை தாயின் திவசத்தன்று ரெலிபோன் எடுத்து, காகத்துக்கு வைத்தாரா என்று கேட்டோம்.

“பல்கனியில பறவைக்குச் சாப்பாடு வைக்கக்கூடாதெண்டு எழுதி ஒட்டியிருக்கு. யன்னலுக்கு உள்பக்கமா ஒரு பிடி வச்சன். பிறகு நானே எடுத்துச் சாப்பிட்டிட்டன்” என்றார்.